கற்பித்தல் கொள்கை எழுதும் முன் ரஃப் நோட்டைப் பாருங்கள்

தனியார் பள்ளி நேர்முகத் தேர்வு, உதவிப் பேராசிரியர் பணிக்கான விண்ணப்பம், பி.எட். ஒப்படைவு என்று எங்கே போனாலும் "உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. பதில்களும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருகின்றன. "ஒவ்வொரு குழந்தையும் தனித்திறன் கொண்டது. ஆசிரியர் ஒரு வழிகாட்டி. மாணவர் மையக் கற்பித்தலில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு." இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் "எந்தக் குழந்தைக்கும் தனித்திறன் கிடையாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட யாராவது முன்வருவார்களா? மறுக்க ஆளே இல்லாத வாக்கியம் எழுதியவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. தவிர, 6 முதல் 14 வயது வரையுள்ளோருக்கு, செயல்பாடு வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே சொல்லிவிட்டது. சட்டத்தில் இருப்பதை உங்கள் நம்பிக்கையாக எழுதிக் கொடுப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

வகுப்பில் இரண்டு நல்ல காரியங்கள் மோதும்போது எதன் பக்கம் சாய்கிறீர்களோ, அதுதான் உங்கள் கொள்கை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கிறது, போர்ஷன் பாக்கி நிற்கிறது, கடைசி பெஞ்சில் ஒரு கை எழுகிறது. அப்போது என்ன செய்கிறீர்கள்? எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த முடிவைத் தினமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எனவே முதல் வேலை, இப்போது நடப்பதைக் கண்டுபிடிப்பது. அதில் எதைக் காப்பாற்றுவது, எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது அடுத்தது. பேனாவைத் திறப்பது கடைசியில்.

முதல் இரண்டு வாரம்: எழுதாதீர்கள், எண்ணுங்கள்

ஒரு முழுப் பாடவேளையைச் செல்போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். போன் மேசை மேல் இருந்தால் போதும், காணொளி தேவையில்லை. தலைமை ஆசிரியரிடமும் மாணவர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். பரிசோதனையாக ஒரு நல்ல பாடத்தைத் தேர்ந்தெடுத்து ஜோராக நடத்த வேண்டாம். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமை நான்காம் பீரியடு சரியாக இருக்கும்.

வீட்டில் கேட்கும்போது ஒரு தாளில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: ஆசிரியர் பேச்சு, மாணவர் பேச்சு, மாணவர் தானாகச் செய்யும் வேலை, மற்றவை. வருகைப்பதிவு, "அமைதி!", சுற்றறிக்கை எல்லாம் மற்றவையில் சேரும். ஒவ்வொரு நிமிடமும் முடியும்போது அந்த நொடியில் எது நடக்கிறதோ அங்கே ஒரு கோடு. 45 நிமிடப் பாடவேளைக்கு 45 கோடுகள். முதல் பத்தியில் 35க்கு மேல் விழுந்தால், தாளில் என்ன எழுதினாலும் அந்த வகுப்பின் மையத்தில் இருப்பவர் நீங்கள்தான்.

அதே பதிவை இன்னொரு முறை ஓடவிட்டு உங்கள் கேள்விகளை மட்டும் கவனியுங்கள். "இரண்டு பக்கமும் சமம்னா அது இருசம பக்க முக்...?" என்று இழுத்து, "கோணம்!" என்று வகுப்பே சேர்ந்து முடித்து வைப்பதைத் தனியாக எண்ணுங்கள். அது கேள்வி போல ஒலிக்கும், கேள்வி ஆகாது. பாடத்தில் கவனமே இல்லாதவரும் வால் சொல்லைப் பிடித்துச் சொல்லிவிட முடியும். "புரிஞ்சுதா?", "புரிஞ்சுது சார்!" ஜோடியும் இதே ரகம்தான். அந்தக் கோரஸ் எதற்கும் சான்றாகாது.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறீர்கள் என்பதையும் அளந்து பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970களில் வெளியிட்ட கட்டுரைகளில், ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதுதான். வகுப்பு முன்னால் நின்றால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அடுத்தது இருக்கை வரைபடம். 40 கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் பெயரை எழுதுங்கள். ஒரு வாரம், யாரையாவது பெயர் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்வது சிரமம் என்றால் ஒரு மாணவரிடம் கொடுங்கள், ஆர்வமாகச் செய்வார்கள். வாரக் கடைசியில் பார்த்தால் புள்ளிகள் முதல் இரண்டு பெஞ்சிலும், வழக்கமாக விடை சொல்லும் மூன்று நான்கு பேரிடமும் குவிந்திருக்கும். ஆண், பெண் வித்தியாசமும் கண்ணில் படும். புள்ளியே விழாத கட்டங்களைத் தனியே குறித்து வையுங்கள். கொள்கை எழுதும்போது அந்தப் பெயர்களை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

இனி நோட்டு. திருத்துவதற்கு மேசையில் வந்து குவியும் ஃபேர் நோட்டு இதற்கு உதவாது. கரும்பலகையிலிருந்தும் கைடிலிருந்தும் எடுத்து எழுதியது அது. 40 நோட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரஃப் நோட்டைக் கேளுங்கள். நன்றாகச் செய்பவர், நடுத்தரம், திணறுபவர் என்று இரண்டிரண்டு பேராக ஆறு நோட்டு போதும். பிழைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, துண்டுச் சீட்டு. வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கால் தாள், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி ஒரே ஒரு கேள்வி. "இன்று என்ன புரியவில்லை?" என்று கேட்டால் "எல்லாம் நன்றாகப் புரிந்தது டீச்சர்" என்றுதான் வரும், பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். "இந்தப் பாடத்தை உன் தம்பிக்குச் சொல்லித் தரவேண்டும் என்றால் எந்த இடத்தில் தடுமாறுவாய்?" என்று கேட்டால் உண்மை வரும். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் முதல் வாரம் இருக்கும். சீட்டில் வந்ததை யார் எழுதியது என்ற பேச்சே எடுக்காமல், மறுநாள் அந்த இடத்தை மட்டும் திரும்ப நடத்துங்கள். அதைக் கண்ணால் பார்த்தபின் இரண்டாம் வாரச் சீட்டுகள் வேறு மாதிரி இருக்கும்.

இன்னும் வேலைக்குச் சேராத பி.எட். மாணவர் என்றால், கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியிலேயே இவற்றைச் செய்யலாம். ஒலிப்பதிவும் ஆறு ரஃப் நோட்டும் தவறக்கூடாது.

தவறான விடையிலிருந்து தொடங்குங்கள்

நம்பிக்கைகளைத் தேட ஒரே இடம்தான் கிடைக்கும் என்றால், மாணவர் தவறாகச் சொல்லும் நொடியைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் மனதில் மாணவரைப் பற்றி என்ன இருக்கிறது என்பது அங்கே வெளியே வந்துவிடும்.

நடுநிலை வகுப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 0.35, 0.8 இரண்டில் எது பெரியது? வகுப்பில் கணிசமானோர் 0.35 என்பார்கள். "கவனக்குறைவு" என்று முடிவு கட்டும் ஆசிரியர் இன்னும் பத்துக் கணக்கைப் பயிற்சியாகக் கொடுப்பார். பத்தும் அதே மாதிரி தவறாக வரும். "எப்படிச் சொன்னாய்?" என்று கேட்பவருக்கு "35, எட்டை விடப் பெருசு சார்" என்ற பதில் கிடைக்கும். பிள்ளை யோசிக்காமல் சொல்லவில்லை. முழு எண்ணில் இத்தனை ஆண்டு சரியாக வேலை செய்த விதியைத் தசமத்துக்கும் எடுத்து வந்திருக்கிறது.

இப்போது மருந்து வேறு. மீட்டர் டேப்பைத் தரையில் விரித்து 0.8 மீட்டர் எங்கே, 0.35 மீட்டர் எங்கே என்று கை வைக்கச் சொன்னால் 80 சென்டிமீட்டரும் 35 சென்டிமீட்டரும் கண்ணெதிரே தெரியும். ஆனால் இதோடு நிறுத்தினால் இன்னொரு வம்பு. சிலர் "அப்போ புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கம்மியா இருந்தா பெருசு" என்று புது விதி செய்துகொள்வார்கள். 0.8, 0.35 என்ற அதே கேள்விக்கு அந்த விதியும் சரியான விடைதான் தரும். அதனால் சோதிக்கும்போது மூன்று ஜோடி கொடுக்க வேண்டும்: (0.8, 0.35), (0.3, 0.45), (0.6, 0.60). முதலாவதில் தவறினால் பழைய விதி இன்னும் போகவில்லை. இரண்டாவதில் தவறினால் புதிய தவறான விதி வந்துவிட்டது. மூன்றாவதைச் சமம் என்று காரணத்தோடு சொல்பவருக்கு இட மதிப்பு பிடிபட்டிருக்கிறது.

இதையெல்லாம் செய்கிற ஆசிரியர் தன் கொள்கைத் தாளில் எழுத வேண்டிய வாக்கியம் தானாகவே கிடைத்துவிடுகிறது: "தவறான விடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். அதைக் கேட்டறியாமல் திருத்த மாட்டேன்." தமிழில் சந்திப்பிழை, ஆங்கிலத்தில் காலம், அறிவியலில் "கனமான பொருள் முதலில் விழும்" என்ற எண்ணம் என்று உங்கள் பாடத்துக்கு ஏற்ற பிழையை எடுத்து இதே போல் அடிவரை போய்ப் பாருங்கள்.

மற்ற கேள்விகளை வேகமாகக் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பின் வேகத்தை யாரைப் பார்த்து நிர்ணயிக்கிறீர்கள்? எதை மாணவர் தீர்மானிக்க விடுகிறீர்கள்? (செய்முறையின் வரிசை, கட்டுரையின் தலைப்பு, எந்தக் கணக்கை முதலில் போடுவது, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.) மதிப்பெண் எதற்கு? வளரறி மதிப்பீட்டுக்கு (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீடு) வரும் சார்ட் பேப்பர் பெற்றோர் கைவண்ணமா, கடையில் பிரிண்ட் போட்டதா என்று தெரிந்தும் முழு மதிப்பெண் போடுகிறீர்கள் என்றால் அதுவும் ஒரு கொள்கைதான், எழுத மனம் வராது, அவ்வளவே.

மாணவர் மாணவரிடம் கற்பது பற்றி உங்கள் எண்ணம் என்ன என்பதையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: ஆசான் சொல்வதை எவ்வளவு நன்றாக உள்வாங்கினாலும் கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால், மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போது. அளந்து சொன்ன புள்ளிவிவரமாக இதைக் கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் 45 கோடுகளில் மாணவர் இன்னொருவருக்கு விளக்கிய நிமிடம் எத்தனை என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வாக்கியத்தைக் கட்டும் முறை

ஒவ்வொரு நம்பிக்கைக்கும் நான்கு உறுப்பு வேண்டும்: என்ன நம்புகிறேன், அதனால் என்ன செய்கிறேன், அது வேலை செய்கிறது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன், எங்கே அது செல்லாது. நான்காவதை எழுதப் பலரும் தயங்குகிறார்கள். வாசிப்பவர் உங்களை நம்பத் தொடங்குவதே அந்த வரியில்தான்.

முன்: "மாணவர்களின் பங்கேற்பை ஊக்குவிக்கும் வகையில் பல்வேறு செயல்பாடுகள் மூலம் கற்பிக்கிறேன்."

பின்: "பேசுவதற்கு முன் யோசிக்க எல்லோருக்கும் நேரம் வேண்டும் என்று நம்புகிறேன். எனவே முக்கியமான கேள்விக்கு யாரையும் உடனே அழைப்பதில்லை. இரண்டு நிமிடம் தனியாக எழுதச் சொல்கிறேன், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்கிறேன், அதன்பின் பெயர் சொல்லி அழைக்கிறேன். வாரம் ஒருமுறை இருக்கை வரைபடத்தில் புள்ளி விழாத பெயர்கள் எத்தனை என்று பார்க்கிறேன். புதிய கருத்தை முதன்முதலாக அறிமுகம் செய்யும் நாளில் இது பலன் தருவதில்லை. அன்று நானே இரண்டு கணக்கைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன்."

இரண்டாவதைப் படிப்பவர் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன பார்ப்பார் என்று தெரிகிறது. "ஊக்குவிக்கிறேன்", "மேம்படுத்துகிறேன்", "வளர்க்கிறேன்" என்று முடியும் ஒவ்வொரு வரியிலும், அதை எப்படி என்று சொல்ல முடியாவிட்டால் வரியை அடித்துவிடுங்கள்.

மூன்று நம்பிக்கை போதும், நான்கைத் தாண்ட வேண்டாம். பத்து எழுதினால் எதையும் விளக்க இடமிருக்காது. மொத்தம் ஒரு பக்கம், அதிகபட்சம் இரண்டு பக்கம். முதல் பத்தியிலேயே எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். 20 பேர் வகுப்புக்கு எழுதியது 60 பேர் வகுப்பில் நிற்காது. தன்மையில், நிகழ்காலத்தில் எழுதுங்கள். உச்சியில் பெரியோர் பொன்மொழி வேண்டாம். செப்டம்பர் 5 மேடைக்கு அது பொருந்தும், இங்கே உங்கள் குரலுக்கான இடத்தைத்தான் அது அடைத்துக்கொள்ளும்.

எங்கெல்லாம் சறுக்கும்

குழு வேலையைச் செய்தாலே மாணவர் மையம் என்று நினைப்பது முதல் சறுக்கல். எட்டுப் பேர் குழுவில் ஒருவர் எழுதுவார், இருவர் பார்ப்பார், மற்றவர்கள் சினிமா பேசுவார்கள். முன் பெஞ்சில் இருப்பவர்களைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னால் நான்கு பேர் குழு ஆகிவிடும், மேசை நாற்காலி நகர்த்த வேண்டியதில்லை. தனியாக எழுதிய தாள் கையில் இல்லாமல் குழுவில் பேச விடாதீர்கள். குழு முடிந்ததும் எழுதியவரை விட்டுவிட்டு வேறொருவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆசிரியர் வாயை மூடிக்கொள்வதுதான் மாணவர் மையம் என்பது நேர் எதிர்ப்பக்கச் சறுக்கல். புதிதாகக் கற்பவருக்குச் செய்து காட்டிய மாதிரி தேவை. இருபடிச் சமன்பாட்டை முன்பின் பார்த்திராதவரை "நீயே கண்டுபிடி" என்று விட்டால் குழம்பித்தான் போவார். மாதிரியை எப்போது விலக்குவது என்பதில்தான் உங்கள் கொள்கை தெரிய வேண்டும்: இரண்டு முழு மாதிரி, அடுத்த இரண்டில் கடைசிப் படி மட்டும் மாணவருக்கு, அதற்கடுத்து முழுவதும் அவர்களுக்கு என்பது ஒரு வழி.

"பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், செய்து கற்போர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கிறேன்" என்ற வரி இன்னும் பல தாள்களில் வருகிறது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அப்படிப் பிரித்துக் கற்பிப்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார்கள். விவரம் தெரிந்த தேர்வுக்குழு என்றால் அந்த வரியிலேயே உங்களைப் பிடித்துவிடும். படம், பேச்சு, பொருள் மூன்றையும் எல்லோருக்கும் பயன்படுத்துகிறேன் என்று எழுதுவதில் தவறில்லை.

"மெல்லக் கற்கும் மாணவர்" என்ற முத்திரையைக் கவனமாகக் கையாளுங்கள். 2022இல் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது, பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவதற்காகத்தான். ஜூனில் அரும்பில் இருந்த பிள்ளை மார்ச்சிலும் அரும்பிலேயே இருந்தால் நிலை பிரித்ததால் பயன் எதுவும் இல்லை, பெயர் வைத்தது மட்டும்தான் மிச்சம். கொள்கைத் தாளில் யார் மெதுவானவர் என்று எழுதாதீர்கள். எந்த முன்னறிவு விடுபட்டிருக்கிறது, அதை எப்போது திரும்பச் சோதிப்பீர்கள் என்று எழுதுங்கள்.

பிறகு பொதுத் தேர்வு. பத்தாம் வகுப்பு எடுப்பவர் ஜனவரியிலிருந்து என்ன செய்கிறார் என்பது ஊருக்கே தெரியும்: ஒரு மதிப்பெண் வினா, ஸ்பெஷல் கிளாஸ், 35ஐத் தொட வைக்கும் குறுக்கு வழிகள். அதை மறைத்து எழுதிய தாள் செயற்கையாகத்தான் இருக்கும். "டிசம்பர் வரை இப்படி, திருப்புதல் தேர்வுகள் தொடங்கியபின் இன்னின்னதை விட்டுவிடுகிறேன், ஆனால் தவறான விடைக்குக் காரணம் கேட்பதை மட்டும் விடுவதில்லை" என்று எழுதுபவரின் தாளில் எது பேரத்துக்கு உட்படாதது என்பது தெளிவாகிறது.

எழுதி முடித்தபின் சோதனை

தாளிலிருந்து பெயரையும் பாடத்தையும் எடுத்துவிட்டு, உங்களை அறிந்த இரண்டு சக ஆசிரியர்களிடம் கொடுங்கள். யாருடையது என்று அவர்களால் சொல்ல முடியாவிட்டால் இன்னும் பொதுவாக இருக்கிறது. அடுத்து, அவர்களில் ஒருவரை ஒரு பீரியடு வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். தாளில் உள்ள எந்தெந்த வரி கண்ணில் பட்டது என்று டிக் போடட்டும். டிக் விழாத வரியை ஒன்று நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள், அல்லது நீக்குங்கள். இன்னும் கறாரான சோதனை வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். உண்மையில்லாத இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

தாளில் தேதி போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், புதிய ஒலிப்பதிவோடும் புதிய ஆறு ரஃப் நோட்டோடும் ஒப்பிட்டுத் திருத்துங்கள். பழைய பிரதியைத் தூக்கிப் போட வேண்டாம்; எது மாறியது என்று காட்ட அது உதவும்.

வேலை விண்ணப்பத்துக்கு என்றால் இன்னும் இரண்டு விஷயம். அந்தப் பள்ளி அல்லது கல்லூரி எந்தப் பாடத்திட்டம், எத்தனை பேர் வகுப்பு என்று விசாரித்து, செயல் பகுதியை மட்டும் அதற்கேற்ப மாற்றுங்கள். நம்பிக்கைப் பகுதியை ஆளுக்குத் தக்கபடி மாற்றினால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். டெமோ வகுப்பு எடுக்கச் சொன்னால், தாளில் எழுதிய மூன்றில் ஒன்றாவது அந்த 15 நிமிடத்தில் தெரிய வேண்டும். "ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்காக ரஃப் நோட்டின் இரண்டு பக்கங்களை, மாணவர் பெயர் தெரியாதபடி நகலெடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்: தவறான விதி இருக்கும் பக்கம் ஒன்று, அதே மாணவர் மூன்று வாரம் கழித்து எழுதிய பக்கம் ஒன்று.